ஊறுகாய் கேட்காத நாள்

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குச் சில பழக்கங்கள் ரிட்டயர் ஆனாலும் போகாது. ஸ்ரீரங்கத்தில் கிளம்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போவதற்குள் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எடுக்காதவன் என் பக்கம் திரும்பவே மாட்டான். காவிரிப் பாலம் வந்ததும் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று ரொம்ப அக்கறையாக வெளியே பார்ப்பான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசத்திலும் பார்ப்பான்.

அந்தப் பார்வையை ஒரு ஆவணி மாசத்தில் என் வீட்டுக்காரியிடம் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு அவள் சமையலறை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் கிடையாது.

"யாருக்கு எழுதற?"

"யாருக்கும் இல்லைங்க. சும்மா."

"யாருக்கும் இல்லாம எதுக்கு எழுதணும்?"

"பிளாக்குங்க. நம்ம பொண்ணு போட்டுக் குடுத்தா."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு எந்த ஊருக்கும் போகவில்லை என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

தில்லை நகரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"பிளாக்குன்னா என்னம்மா?"

"டைரி மாதிரிப்பா. மனசுல தோணறத எழுதி நெட்ல போட்டா யார் வேணும்னாலும் படிக்கலாம்."

"யார் வேணும்னாலும் படிச்சா அது டைரியா? சுவத்துல ஒட்டற போஸ்டர்தானே?"

மகள் சிரித்தாள். "பேரு போடாம எழுதறவங்க நிறையப் பேர் இருக்காங்கப்பா."

"அப்ப மொட்டைக் கடுதாசி. சரி, உங்கம்மா என்ன எழுதறா?"

"தெரியாதுப்பா. நான் படிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"உலகமே படிக்கலாம், பெத்த பொண்ணு படிக்கக் கூடாதா?"

"நீங்க அம்மாவையே கேளுங்களேன்," என்று வைத்துவிட்டாள். கேட்டிருக்கலாம்தான். ஆனால் சந்தேகப்படுகிறவன் கேட்க மாட்டான், கண்காணிப்பான். முப்பது பேர் நிற்கிற பஸ்ஸில் அப்படித்தான் பழகியிருந்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அடுப்படி அலமாரியில் பெருமாள் படம் இருக்கிறது. எது சமைத்தாலும் அவருக்குப் படைத்த பிறகுதான் எங்களுக்கு. படைப்பதற்கு முன்னால் உப்பு இருக்கிறதா, காரம் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பது கிடையாது. பார்த்தால் எச்சில். பூவும் அப்படித்தான், அவருக்குப் போடுவதற்கு முன்னால் முகர்ந்து பார்க்க மாட்டோம். கை அளவும் கொதி வாசனையும் வைத்துத்தான் அவள் சமைப்பாள். அதில் உப்பு தப்பியதே கிடையாது. படைத்த பிறகு அது பிரசாதம். பிரசாதத்தில் அது கம்மி, இது ஜாஸ்தி என்று பேசுவது நாக்கு செய்யும் அபசாரம். ஆகவே என் வீட்டில் சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அதற்கு முந்தின மாசம், ஆடியில், அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு தொடங்கியது. ஒரு நாள் ரசத்தில் உப்பே இருக்காது. மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு. இன்னொரு நாள் கூட்டு லேசாக ஊசியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கம்மியாக இருந்தால் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொள்வேன். அதிகமானால் மோரை ஊற்றிப் பிசைந்துகொள்வேன். உள்ளுக்குள் மட்டும் கணக்குப் போட்டேன். இவள் மனசு அடுப்பில் இல்லை, போனில் இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம். அதுவரைக்கும் கேட்காதவள் புதுசாகக் கேட்க ஆரம்பித்தாள். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்குங்க?" என்பாள்.

"பிரசாதத்துக்கு என்ன, அமிர்தம்," என்பேன்.

என் முகத்தையே பார்ப்பாள். கையைப் பார்ப்பாள். எதற்காக இப்படிப் பார்க்கிறாள்? தப்புப் பண்ணுகிறவள் மாட்டிக்கொண்டோமா என்று பார்க்கிற மாதிரி எனக்குப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும்போது பூக்கடையில் மனோரஞ்சிதம் இருந்தது. பெருமாளுக்கு ஒன்று வைத்துவிட்டு, இன்னொன்றை அவளிடம் கொடுத்தேன். வீடு முழுக்க அந்த வாசனைதான். அவளுக்கு அந்தப் பூ என்றால் உயிர். கல்யாணமான புதிதில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அன்றைக்கு வாங்கி மூக்கருகே கொண்டுபோய், "நல்லா இருக்குங்க" என்று தலையில் செருகிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்கிக்கொள்கிற மாதிரி. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துவிட்டது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கே நாற்றம் குப்பென்று வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"பால் தீயுது! தெரியலையா உனக்கு?"

திடுக்கிட்டு எழுந்தாள். "கவனிக்கலைங்க."

"அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? எவன் உக்காந்திருக்கான்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் அடுப்பைத் துடைத்தாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது.

ராஜகோபுரத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் தினமும் காலையில் என்னோடு டீ குடிக்க ஒருத்தர் வருவார். என்னோடு ஒரே பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை, இன்றைக்கும் "டிரைவரே", "கண்டக்டரே"தான். அவர் போனை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதர். வீட்டு விஷயத்தைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன்.

"டிரைவரே, ஜனங்க எதுக்கு இந்த பிளாக்கு எழுதறாங்க?"

"எதுக்கா? ஓசிலதானே குடுக்கறான், எழுதறாங்க. டிக்கெட் போடுவேன்னு சொன்னா ஒருத்தன் எழுத மாட்டான்."

அன்றிலிருந்து தினம் ஒன்றிரண்டு வாசித்துக் காட்டுவார். புத்தூர்க்காரர் ஒருத்தர் தினமும் காலையில் நடக்கப் போவதை எழுதுகிறார். எந்தத் தெருவில் எந்த நாய் குரைத்தது என்பது வரைக்கும் எழுதுகிறார். இன்னொருத்தன் அண்ணன் தம்பிச் சண்டையை எழுதியிருந்தான், தம்பிதான் அயோக்கியன் என்று. தம்பியும் ஒரு பிளாக் வைத்திருந்தால் மீதிக் கதை தெரியும் என்றேன். ஒரு பெண் பிள்ளை அம்மா ஆஸ்பத்திரியில் கிடப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதியிருந்தாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கை எப்படி எழுதுகிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒருத்தன் தான் யோக்கியன் என்று காட்டிக்கொள்ள எழுதுகிறான், இன்னொருத்தன் யாரையோ பழி வாங்க எழுதுகிறான், பொழுது போகாமல் எழுதுகிறவனும் இருக்கிறான் என்று எனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வீட்ல பேச ஆளில்லாதவங்களும் எழுதுவாங்க கண்டக்டரே," என்றார் டிரைவர்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். என் வீட்டில் ஆள் இல்லையா? நான் இருக்கிறேனே!

மார்கழி முழுக்க இதே வேதனை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பெருமாள் முன்னால் நின்றபோது கூட வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. 'நீ படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாக்கற. எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. என் பொண்டாட்டி யார்கிட்ட பேசறா?' என்று கேட்டேன். பின்னால் இருந்தவர் தள்ளினார். பதில் கிடைப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு காலை. டிரைவர் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார்.

"கண்டக்டரே, இதக் கேளு. யாரோ ஒரு அம்மா, நம்ம ஸ்ரீரங்கம்தான், எழுதுது. ‘என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்னமும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ரைட் என்கிறார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.’ உன்ன மாதிரியே ஒருத்தன் இருக்கான்யா!"

டீக்கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போன வாரம்தான் மகள் வீட்டுக்கு ஆட்டோவில் போனோம்.

"‘சில்லறை இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். பூக்காரம்மாவிடம் கூடச் சுருக்குப் பையைத் திறந்து காட்டச் சொல்வார்.’"

படித்துக்கொண்டே வந்தவரின் குரல் மெதுவாக இறங்கிற்று. அந்தப் பூக்காரம்மா எங்களுக்கு எதிரே இருபதடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூத்தை அவரே பார்த்திருக்கிறார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யோவ்…"

"படிங்க."

"வேணாம்யா. வீட்டு விஷயம்."

"படிங்கறேன்ல?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டு சின்னக் குரலில் படித்தார். "‘இன்றைக்கு அவர் ஊறுகாய் கேட்கவில்லை. அப்படியென்றால் ரசத்தில் உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும். நேற்று மோரை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார். கூடிப்போய்விட்டது போல. வாயைத் திறந்து சொல்ல மாட்டார், பிரசாதமாயிற்றே. எனக்கோ காய்ச்சலுக்குப் பிறகு வாசனையும் தெரியவில்லை, ருசியும்…’ நீயே படிச்சுக்கய்யா."

போனை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போய், வேண்டாத பேப்பர் ஒன்றை வாங்கி விரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

நான் படித்தேன். ஆடியில் இருந்து எல்லாம் இருந்தது. காய்ச்சல் விட்ட அன்றைக்குக் காபி வெந்நீர் மாதிரி இருந்ததாம். மல்லிகையும் கற்பூரமும் ஒன்றாகிவிட்டதாம். ‘ருசி பார்க்காமல் சமைக்கிற வீடு. அதனால் யாருக்கும் தெரியவில்லை. கொதிக்கிற மணத்தை வைத்துத்தான் கை உப்பு போடும். இப்போது என் கை குருடாகிவிட்டது’ என்று எழுதியிருந்தாள். பால் தீய்ந்த நாளும் இருந்தது. நான் கேட்ட கேள்வியை எழுதவில்லை. ‘அவர் கோபப்பட்டார். நியாயம்தான்’ என்று மட்டும் இருந்தது. மனோரஞ்சிதம் கொடுத்த நாளில் ஒரே வரி. ‘நல்லா இருக்கு என்று பெருமாளுக்கு முன்னாலேயே பொய் சொன்னேன்.’

ஒவ்வொன்றுக்கும் கீழே யார் யாரோ பதில் எழுதியிருந்தார்கள். கவலைப்படாதீர்கள் அக்கா, எனக்கும் இப்படித்தான், திரும்பி வரும் என்று. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு படித்த பிறகும் வீட்டுக்கு நடந்து வரும்போது என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? இதெல்லாம் நிஜமா என்று போயிற்று. நாலு பேர் ஐயோ பாவம் என்று சொல்வதற்காகக் கட்டி எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே. ஒருவேளை இவளும் அப்படியோ? செக்கர் ஏறினால் டிக்கெட்டை வாங்கிப் பார்க்காமல் இறங்க மாட்டார். நானும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் சமையல் மேடையருகே நின்று வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய், நீலகிரித் தைலம் பாட்டிலை எடுத்து உள்ளங்கை நிறையக் கொட்டிக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். எனக்கு மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வேறு யாராக இருந்தாலும் என்ன, சளி பிடிச்சிருக்கா என்று திரும்பியிருப்பார்கள். அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கையை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். வாழைக்காய்த் துண்டுகள் தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் யாரோ நிற்கிறார்கள் என்று உணர்ந்து திரும்பினாள்.

"எப்ப வந்தீங்க? ஏன் கண்ணு கலங்கியிருக்கு?"

"தைலம்."

"தைலமா?" என் கையைப் பார்த்தாள். மேடையில் மூடி திறந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்தாள்.

"சோதனை பண்ணிப் பாத்தீங்களா?"

நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"உண்மைதாங்க. ஒண்ணும் தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? இனிமே நீ பெருமாளுக்குச் சமைக்க வேணாம், கோயில் பிரசாதம் வாங்கிட்டு வந்து வெச்சுக்கலாம்பீங்க. இந்தக் கை அதுக்குத்தாங்க இருக்கு. அதையும் வாங்கிட்டா நான் காலைல எதுக்கு எந்திரிக்கணும்?"

நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

"ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் சொன்னியே."

"அவங்க யாரும் என் சமையலச் சாப்பிடப் போறதில்லைங்க. அவங்ககிட்ட சொல்லப் பயமில்ல. உங்ககிட்டயும் தினமும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், எப்படி இருக்குன்னு? அமிர்தம் அமிர்தம்னீங்க. உப்பில்லாத ரசம் அமிர்தமா?"

"உப்பில்லாம படைக்கிற ஒப்பிலியப்பன் கோயில்ல சாப்பிடறதா நெனச்சு சாப்பிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். "கூட்டு ஊசிப்போயிருந்ததா ஒரு நாள்?"

"லேசா."

"அதையும் சாப்பிட்டீங்களா?"

"பிரசாதமாச்சே."

"நல்ல ஆளுங்க நீங்க," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஊசினதப் பெருமாளுக்கு வெச்சிருக்கேன். நீங்களாவது சொல்லியிருந்தா மறுநாள் ஜாக்கிரதையா இருந்திருப்பேன்ல?"

அபசாரம் வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

புத்தூரில் மூக்கு, காது, தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலும் போகலாம் என்றார். தினமும் நாலைந்து வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார். அதற்குப் பெருமாளுக்கு வைக்காத சாமானாகத் தனியாக லவங்கமும் எலுமிச்சையும் வாங்கி வைத்திருக்கிறோம். திரும்பி வர ஆட்டோவில் ஏறியதும் பழக்கத்தில் "ரைட்" என்றுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுதுவாள் என்று தெரிந்துவிட்டது.

இப்போதும் அவள்தான் சமைக்கிறாள். அளந்து போட ஒரு சின்ன உப்புக் கரண்டி வைத்திருக்கிறாள். பால் வைத்தால் நான் அடுப்படியில் நிற்கிறேன். படைப்பதற்கு முன்னால் ருசி பார்ப்பது இன்றைக்கும் கிடையாது, அதை மாற்ற எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். படைத்து ஆனதும் அலமாரி முன்னால் நின்று, 'இப்ப நான் சொல்லப் போறதுக்கு மன்னிச்சுடு' என்று கும்பிட்டுவிட்டு உட்காருவேன்.

முதல் நாள் நாக்கே புரளவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"எப்படி இருக்குங்க?"

"சாம்பார்ல புளி தூக்கல்," என்றேன். தலையில் இடி ஒன்றும் விழவில்லை. "பொரியலுக்கு இன்னும் ஒரு சிட்டிகை உப்பு வேணும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை மாசம் அமிர்தம் என்று சொன்னதற்கு ஒரு நாளும் வராத வெளிச்சம்.

பிளாக்கை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தியும் இருக்க மாட்டாள். ஆனால் படிக்கிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒருத்தர் தினமும் தவறாமல், "இன்று அண்ணா என்ன சொன்னார்?" என்று கேட்டு எழுதுகிறார். நான் எப்படி அவருக்கு அண்ணா ஆனேன்? என் வீட்டுப் பொரியலில் அவருக்கு என்ன அக்கறை?

"யார் இந்த ஆளு?" என்று கேட்டேன்.

"அவருக்கும் வாசனை போயிடுச்சாங்க. ஒண்டியா இருக்காராம். சமைச்சா உப்பு சரியா இருக்கான்னு சொல்ல ஆளில்லையாம். நீங்க சொல்றதப் படிச்சா யாரோ அவருக்கே சொல்ற மாதிரி இருக்குங்கறார்."

"அப்படீன்னு எழுதியிருக்கான். நெஜமான்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க தைலம் பாட்டில எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

மறுநாள் சாப்பிடும்போது, ரசத்துக்கு எவ்வளவு உப்பு போட்டாய் என்று கேட்டு, கரண்டி அளவையும் சேர்த்து எழுதச் சொன்னேன். நிஜமாக இருந்தால் இருக்கட்டும்.

பாத்திரம் கழுவிவிட்டு அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். போனைக் கவிழ்க்கவில்லை. ஆனால் லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்ன எழுதற?"

"நீங்க சொன்னதத்தாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். செம்பை வாயருகே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.